பம்பை நின்ற இரண்டு நிமிடம்

பெயர் புஷ்பலதா. வயது முப்பத்தேழு. கணவர் பெயர் பிரகாஷ். தகப்பனார் பெயர் ஆறுமுகம், காலமாகிவிட்டார். விலாசம், பஜனை கோயில் தெரு, கனகம்மாசத்திரம். தொழில், திருத்தணியில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பதினான்கு வருட அனுபவம், அதில் ஒன்பது வருடம் வென்டிலேட்டர் நோயாளிகளோடு.

ஆடிப் பரணி அன்று சென்னை சாலையில், காவடி எடுத்து வந்த பரந்தாமன் என்பவரை எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஜெபஸ்டின் தள்ளிவிட்டுக் காயப்படுத்தியதாகவும், வேண்டுமென்றே காவடிக்கு இடையூறு செய்ததாகவும் பதிவாகியுள்ள வழக்கில், சம்பவம் நடந்த ஐந்தாம் நாள் காலை பத்தேகால் மணிக்குக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் அம்மா முன்பாக நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியது இது. என்னை யாரும் அழைக்கவில்லை. நானாக வந்தேன். வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள் என்பதையும் எழுதச் சொன்னேன், எழுத்தர் சிரித்துவிட்டு எழுதினார்.

நோயாளியின் பெயர் வேதாசலம், வயது ஐம்பத்தெட்டு, பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்து லுங்கி ஓட்டுகிறவர். ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்து இதயம் பலவீனமானவர். சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பு மூச்சுத் திணறி, வாயில் இளஞ்சிவப்பாக நுரை தள்ளிய நிலையில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். இதயம் இறைக்க முடியாமல் போனதால் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. டாக்டர் தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போட்டார். அன்றிலிருந்து பகல் முறையில் அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். தலைமாட்டை உயர்த்தி வைப்பது, இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டுவது, வாய் கழுவுவது, குழாயில் சளி உறிஞ்சுவது, மணிக்கு மணி சிறுநீர் அளப்பது, உள்ளே போகிற ஒவ்வொரு மில்லியையும் எழுதுவது ஆகியவை என் வேலை. மயக்க மருந்தைக் குறைக்கும் நேரத்தில் அவர் கண்ணைத் திறப்பார். வலிக்கிறதா என்று கேட்டால் என் விரலை ஒருமுறை அழுத்துவார், இல்லை என்றால் இரண்டு முறை. அவர் மகள் கோமளவல்லி கண்ணாடிக்கு வெளியே நின்றபடி அதைப் பார்த்துப் பார்த்து அழும். நான் அதட்டுவேன். அழுகிறவர்களை அதட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு, எங்கள் மருத்துவமனையில் அதனால் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

பரணி அன்று காலை அவருடைய நாடித்துடிப்பு நாற்பதுக்குக் கீழே இறங்கி இறங்கி ஏறியது. இதயத்துக்குக் கருவி வைத்துத் துடிக்கவிட வேண்டும், அந்த வசதி எங்களிடம் இல்லை, திருவள்ளூரில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஊரில் காவடிக் கூட்டம் தொடங்கிவிட்டதே என்றேன். நாளைக்குக் கிருத்திகை, நாளைக்கு இன்னும் மோசமாக இருக்கும், இன்றே கிளம்புங்கள் என்றார். அது சரியான முடிவுதான். அதன் பிறகு எடுத்துச்செல்லும் சிறிய வென்டிலேட்டரைச் சோதித்தேன், பேட்டரி முழுதாகக் காட்டியது. ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டையும் பார்த்தேன். மருந்து ஓடுகிற ஊசி இயந்திரத்தைச் சோதித்தேன். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைத் தலைமாட்டில் வைத்தேன். பத்து இருபதுக்கு வண்டி கிளம்பியது. ஓட்டுநர் ஜெபஸ்டின் முன்னால், பின்னால் நோயாளியும் நானும் கோமளவல்லியும். வேறு யாரும் இல்லை.

ஜெபஸ்டின் எங்களிடம் மூன்று வருடமாக ஓட்டுகிறார். வயது இருபத்தொன்பது. சத்தம் போட்டுப் பேசாத ஆள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதுகூட "சிஸ்டர், பள்ளம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இறக்குவார்.

பத்து முப்பத்தைந்துக்கு, ஊரைத் தாண்டி பெட்ரோல் பங்குக்குக் கிட்டே வண்டி நின்றது. எதிரே சாலை முழுக்க மஞ்சள் துணி. நடந்து வருகிறவர்கள், டிராக்டர்கள், மயில் காவடி, புஷ்பக் காவடி, வேல் குத்தியவர்கள். சைரன் போட்டார். சிலர் ஒதுங்கினார்கள், ஒதுங்கின இடத்தில் பின்னால் வந்தவர்கள் நிரம்பினார்கள். யாரும் வம்புக்கு நிற்கவில்லை. ஒதுங்க இடமில்லை, அவ்வளவுதான். காவடிக்காரர்களில் இரண்டு பெண்கள் ஜன்னலைத் தட்டித் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனதையும் சொல்ல வேண்டும்.

நின்ற இடத்திலேயே வெயில் ஏறியது. வண்டியில் உள்ள இன்வெர்ட்டர் சூட்டில் கட்டாகிவிட்டது, ஏசியும் போய்விட்டது. வென்டிலேட்டர் பேட்டரியில் ஓடியது. பதினொன்று பத்துக்கு அதுவும் கத்த ஆரம்பித்தது. நான் குழாயிலிருந்து இயந்திரத்தைக் கழற்றிவிட்டு ஆம்பு பையை மாட்டி, சிலிண்டரை இணைத்து, கையால் மூச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் ரத்த அழுத்தம் நூற்றிரண்டு. காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்தோம்.

இந்த இடத்தில் உதவி ஆய்வாளர் அம்மா கையால் அமுக்குவதில் என்ன சிரமம் என்று கேட்டார். சிரமம் அமுக்குவதில் இல்லை, அமுக்காமல் இருப்பதில் இருக்கிறது என்று சொன்னேன். ஐந்து வினாடிக்கு ஒருமுறை அமுக்க வேண்டும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு. ஒருமுறை காற்று உள்ளே போனால் அது முழுதாக வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். வருவதற்குள் அடுத்ததை அமுக்கினால் காற்று நெஞ்சுக்குள்ளேயே தேங்கும், அந்த நெருக்கத்தில் இதயத்துக்கு ரத்தம் திரும்பி வராது. இறங்குகிறவர்கள் இறங்குமுன் ஏறுகிறவர்கள் முண்டினால் பேருந்தில் என்ன நடக்குமோ அதுதான். நல்ல இதயம் கொஞ்ச நேரம் தாங்கும். வேதாசலத்தின் இதயம் தாங்காது. இதை முதல் வருட மாணவிகளுக்கு நானே பாடம் எடுக்கிறேன்.

கோமளவல்லியை ஒன்று முதல் ஐந்து வரை உரக்க எண்ணச் சொன்னேன். அந்தப் பெண் எண்ணியது. "நைனாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சிஸ்டர்?" என்று நடுவில் கேட்டது. "எண்ணும்மா" என்றேன். வினாடி பார்க்க என் கையில் வாட்ச் இல்லை, ரத்த அழுத்தம் காட்டும் மானிட்டரில் மணியும் நிமிடமும் மட்டும்தான் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் முழங்கைக்குக் கீழே எதுவும் கட்டக்கூடாது என்பது விதி. கழற்றி வைத்தது வைத்தபடி வந்துவிட்டேன்.

பதினொன்று இருபது வாக்கில் ஒரு காவடிக் குழு எங்கள் வண்டிக்கு நேர் எதிரே வந்து நின்றது. அவர்களுக்கும் நகர இடமில்லை. பம்பை மேளம் இரண்டு ஜோடி, உடுக்கை, சிலம்பு. காவடி எடுத்த பையனுக்கு அருள் வந்துவிட்டது. அவர்தான் பரந்தாமன் என்று பிறகு தெரிந்தது. அருள் வந்ததும் பம்பைக்காரர்கள் அடியை முடுக்கினார்கள். என் தகப்பனார் ஆறுமுகம் பம்பைக்காரர். இந்தச் சுற்று வட்டாரத்தில் முப்பது வருடம் ஆடி மாதம் அவர் வாசிக்காத காவடி கிடையாது. எட்டு வயதிலிருந்து கல்யாணம் ஆகிற வரை நானும் பால் காவடி எடுத்து அவர் பின்னால் நடந்தவள்தான். பெண் பிள்ளை என்று பம்பையைத் தொட விடவில்லையே தவிர, அந்த அடி எனக்கு மனப்பாடம். மனப்பாடம் என்பதுகூடச் சரியில்லை, அதற்கு மனசே தேவையில்லை.

பதினொன்று இருபத்து மூன்றுக்கு அழுத்தம் தொண்ணூற்று நாலு காட்டியது. இருபத்தாறுக்கு எண்பத்து நாலு. கோமளவல்லியை இறங்கி வழி கேட்கச் சொன்னேன். அது "அய்யா, எங்க நைனாவ வுட்டுடுங்கய்யா, வழி வுடுங்கய்யா" என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் போனது. அதன் பிறகு பின்னால் நானும் நோயாளியும் மட்டும்தான்.

அழுத்தம் இறங்கினால் என்னென்ன பார்க்க வேண்டுமோ ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குழாய் உதட்டில் இருபத்திரண்டாம் குறியில் இருந்தது, நகரவில்லை. மடங்கவில்லை. ஆக்சிஜன் ஓடியது. மருந்து ஓடியது. ஊசி போட்ட இடம் வீங்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தேன், பம்பை தவிர ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தொன்பதுக்கு எழுபத்திரண்டு. மருந்தைக் கூட்டினேன், அழுத்தம் ஏறவில்லை. ஒன்பது வருடத்தில் காரணம் தெரியாமல் ஒரு நோயாளி என் கையில் இறங்கியதில்லை.

அப்போதுதான் என் வலது காலைப் பார்த்தேன். அது தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. காலிலிருந்து கைக்குப் பார்வையைக் கொண்டுபோனேன். கை அதே தாளத்தில் பையை அமுக்கிக்கொண்டிருந்தது. ஐந்து வினாடிக்கு ஒன்று இல்லை, இரண்டு வினாடிக்கு ஒன்று, அதற்கும் மேலே இருக்கும். நிமிடத்துக்கு முப்பதுக்குக் குறையாது. நெஞ்சு ஏறினது ஏறினபடி நின்றது, இறங்கவே விடவில்லை நான். கோமளவல்லி எண்ணியதும் அந்த அடியோடு சேர்ந்தே ஓடியிருக்க வேண்டும், அதுவும் பொதட்டூர்பேட்டைப் பெண்தானே.

உடனே பையைக் கழற்றினேன். தேங்கியிருந்த காற்று குழாய் வழியாக நீளமாக வெளியே வந்தது. அழுத்தம் எழுபத்தெட்டுக்கு ஏறியது. ஆனால் கழற்றியே வைக்க முடியாது, நுரையீரலில் மறுபடியும் நீர் ஏறும், குழாயில் நுரை வர ஆரம்பித்துவிட்டது. மாட்டினேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நாலு எண்ணுவதற்குள் கை அமுக்கிவிட்டது. மறுபடி எண்ணினேன். மறுபடி அமுக்கிவிட்டது. இரண்டாம் தரமும் கழற்றி மாட்டினேன். அப்போதும் அதே கதைதான். கால் விரலை மடக்கிப் பார்த்தேன், நாக்கைக் கடித்துப் பார்த்தேன். தெரியாமல் செய்கிறபோது தப்பு என்று சொல்லலாம். தெரிந்த பிறகும் கை கேட்காதபோது அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. என் கை மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. முப்பத்திரண்டுக்கு அழுத்தம் அறுபத்திரண்டு.

ஓட்டுநருக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னத் தள்ளு ஜன்னல் உண்டு. அதன் வழியாகக் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார். சொன்னபடியே எழுதச் சொல்கிறேன். "ஜெபஸ்டின், போய் அந்தப் பம்பைய நிறுத்து. என்னா பண்ணுவியோ தெரியாது, இப்பவே நிறுத்து. இல்லன்னா இவரு போயிடுவாரு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நிறுத்தலாமா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"போடான்னா போ" என்றேன். அன்றைக்கு முன் அவரை நான் ஒருமை போட்டுப் பேசியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அருள் வந்து ஆடுகிறவருக்குப் பம்பையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டி, அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, சாமி மலையேறின பிறகுதான் நிறுத்த வேண்டும். இடையில் நிறுத்தினால் ஆடுகிறவர் வெட்டின வாழை மாதிரி விழுந்துவிடுவார். மழை கொட்டினபோதும் என் தகப்பனார் அப்படி நிறுத்தியதில்லை. ஜெபஸ்டின் வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம், அவருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். நிறுத்தலாமா என்று அவர் என்னைக் கேட்டார், நான் போ என்றேன்.

அதன் பிறகு நடந்ததைத் தள்ளு ஜன்னல் வழியாக, முன் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். ஜெபஸ்டின் இறங்கிப் போய் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டியைக் காட்டினார். பம்பைக்காரர் கண்ணை மூடி வாசித்தபடி இருந்தார், பார்க்கவில்லை. மறுபடி கும்பிட்டார். காதருகே போய் ஏதோ சொன்னார். அதன் பிறகு பம்பைக்காரரின் குச்சியைப் பிடித்துக்கொண்டார். பிடித்தார், அவ்வளவுதான். பிடுங்கவில்லை, அடிக்கவில்லை. அந்தப் பம்பை நின்றதும் மற்றதும் நின்றது, உடுக்கை நின்றது. காவடியோடு சுற்றிக்கொண்டிருந்த பரந்தாமன் முகம் குப்புறத் தாரில் விழுந்தார். அவருக்கும் ஜெபஸ்டினுக்கும் நடுவில் எட்டடி, பத்தடி இடைவெளி இருந்தது. இடையில் இரண்டு பெண்கள் பால்குடத்தோடு நின்றார்கள். தள்ளியிருக்கவே முடியாது. கைபேசியில் சுற்றுகிற வீடியோவில் ஜெபஸ்டின் முதுகு மறைப்பதால் தள்ளினது போலத் தெரிகிறது என்று அம்மா சொன்னார். வீடியோ எடுத்தவர் இடது பக்கம் நின்றார். நான் நேர் எதிரே இருந்தேன்.

விழுந்ததைப் பார்த்ததும் கூட்டம் ஜெபஸ்டின் மேல் பாய்ந்தது. "சாமிய நிறுத்துறியாடா", "எவன்டா நீ" என்று கேட்டது. வண்டியின் இடது கண்ணாடி உடைந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டேன். பம்பை இல்லாத அந்த நேரத்தில் வாய்விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, அமுக்கு. கை கேட்டது. நெஞ்சு ஏறி, முழுதாக இறங்கியது. மறுபடி எண்ணினேன். அளவெடுக்கும் பொத்தானை அழுத்தினேன், எழுபது. மறுபடி அழுத்தினேன், எண்பத்தொன்று. வெளியே ஒரு மனிதனை அடிக்கிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. உள்ளே அழுத்தம் ஏறியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் அந்த நேரத்தில் வெட்கம் வரவில்லை.

சுமார் இரண்டு நிமிடம் கழித்துப் பம்பை மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தரம் மெதுவாக. விழுந்தவருக்குச் சாமியை முறைப்படி மலையேற்ற வேண்டும் அல்லவா. அதற்குள் என் கை என் எண்ணிக்கைக்குப் பழகிவிட்டது. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அழுத்தம் தொண்ணூறு. பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்கள் இரண்டு பேர் ஓடிவந்து ஜெபஸ்டினை மீட்டார்கள். பரந்தாமனை ஒரு டிராக்டரில் ஏற்றினார்கள். முன்பல் இரண்டு போய்விட்டது, தோள்பட்டை இறங்கிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜெபஸ்டின் யாருடைய குச்சியைப் பிடித்தாரோ அந்தப் பம்பைக்காரர் வண்டியின் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். பெயர் நாகராஜன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏம்மா, நீ ஆறுமுகம் பொண்ணு தானே? உங்கப்பங்கூட நான் வாசிச்சிருக்கேன்." நோயாளியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "உசுரு ஊசலாடிகினு கீதா? நீ உன் வேலையப் பாரும்மா. அந்த டிரைவரு தான் திமிரு புடிச்சி வந்து குச்சியப் புடிச்சிட்டான். உம்மேல இன்னா தப்பு கீது?"

நான் பதில் சொல்லவில்லை. இரண்டு கையும் பையில் இருந்தது என்பது உண்மை. ஆனால் வாய் சும்மாதான் இருந்தது. சொல்லியிருக்கலாம். பயந்தேன். பம்பைக்காரன் பெண்ணே பம்பையை நிறுத்தச் சொன்னாள் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தால் என்னாகும் என்று பயந்தேன். அதைவிட அதிகமாக, ஏன் நிறுத்தச் சொன்னாய் என்று கேட்பார்களே என்று பயந்தேன். நாகராஜனே முன்னால் நடந்து, ஒரு காவடிக்காரரிடமிருந்து வேல் ஒன்றை வாங்கி உயர்த்திப் பிடித்து, கூட்டத்தைப் பிளந்து வழி பண்ணிக் கொடுத்தார். கோமளவல்லி ஓடிவந்து ஏறிக்கொண்டது, வண்டி நகர்ந்தது.

ஜெபஸ்டின் ஒரு கண்ணால்தான் ஓட்டினார். மற்றொன்று வீங்கி மூடிவிட்டது. சட்டையில் ரத்தம். கனகம்மாசத்திரம் தாண்டினோம். அதன் பிறகு "சிஸ்டர், அவருக்கு எப்படி கீது?" என்று கேட்டார். "ஏறிகினு வருது" என்றேன். "ஆங்" என்றார். பிறகு "சிஸ்டர், பள்ளம்" என்று சொல்லிவிட்டு வண்டியை இறக்கினார். பன்னிரண்டு ஐம்பதுக்குத் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். நோயாளியை உயிரோடு ஒப்படைத்தேன். ஒப்படைக்கும் தாளில், கையால் மூச்சுக் கொடுத்த விகிதம் என்ற கட்டத்தில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எப்போதும் எழுதுகிற எண் அது, யோசிக்காமலே கை எழுதிவிட்டது என்று சொல்லலாம்தான். ஆனால் எழுதின பிறகு யோசித்தேன், திருத்தவில்லை. அந்தத் தாளில் உள்ள பன்னிரண்டு பொய். மருத்துவமனை வாசலிலேயே ஜெபஸ்டினைக் காவலர்கள் அழைத்துப் போனார்கள்.

அதற்கு மறுநாள் வேலைக்குப் போனேன். நிர்வாக அலுவலர் கூப்பிட்டு, "போலீஸ்ல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சிஸ்டர். நோயாளிக்கு லேட்டானதால பிரஷர் எறங்குச்சு, அவ்வளவுதான்" என்றார். சரி என்றேன். மூன்று நாள் அந்தச் சரியோடுதான் இருந்தேன். நேற்று மாலை கோமளவல்லி போன் செய்தது. குழாயை எடுத்துவிட்டார்கள், நைனா பேசுகிறார், உங்கள் கை ராசி என்று சொன்னது. நான் போனை வைத்துவிட்டேன்.

நேற்று முன்தினம் ஜெபஸ்டினின் மனைவி ஹெப்சி மருத்துவமனை வாசலில் நின்றிருந்தது. கையில் ஏழு மாதக் குழந்தை. உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை.

"அக்கா, அவரு அந்தப் பையன அடிச்சாரா?"

"இல்லம்மா."

"தள்னாரா?"

"இல்ல."

"பின்ன ஏங்க்கா எறங்கிப் போனாரு? அவரு சண்ட வலிக்கிற ஆளு இல்லியே. எத்தினி வாட்டி கேட்டாலும் சொல்ல மாட்டேங்கிறாரு. உங்களுக்குத் தெரியுமாக்கா?"

டூட்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். கை கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன், பின்னால் வந்த ஆயா தண்ணீரை மூடச் சொல்கிற வரை. நான் அதட்டி வாழ்கிறவள், யாரிடமும் தலைகுனிந்ததில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடினேன்.

இதுவரை சொன்னதும் உதவி ஆய்வாளர் அம்மா பேனாவை வைக்கச் சொல்லி எழுத்தரிடம் கை காட்டினார். "நீங்க பாத்த வரைக்கும், டிரைவர் தள்ளல, பத்தடி தள்ளி இருந்தாரு. அது போதும்மா. அது எழுதினாவே அவருக்கு நல்லது. நீங்க கத்துனது, கை வேகமா அமுக்குனது, அந்தத் தாளு, இதெல்லாம் எழுதணுமா? எழுதினா கேஸு உங்க பக்கம் திரும்பும். உங்க நர்ஸ் பதிவே போனாலும் போகும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

தள்ளவில்லை என்றால் தள்ளியதற்கான பிரிவு போகும், வேண்டுமென்றே காவடியைத் தடுத்தார் என்ற பிரிவு போகுமா என்று கேட்டேன். அவர் கோப்பைக் கையில் எடுத்தார். தடுத்ததற்குக் காரணமாக ஜெபஸ்டின் தன் வாக்குமூலத்தில் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கோப்பைப் புரட்டி அந்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்டினார். வெயிலில் வண்டி நின்றதால் எனக்குக் கோபம் வந்துவிட்டது, நானாகத்தான் இறங்கினேன், நானாகத்தான் குச்சியைப் பிடித்தேன், வண்டியில் இருந்த நர்ஸ் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்தது.

அடி வாங்கினவர், நான்கு நாளாக உள்ளே இருக்கிறவர், என்னைக் கேட்காமலேயே இப்படிச் சொல்லியிருக்கிறார். நான் கத்தினதைக் கேட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். கோமளவல்லி இறங்கிவிட்டது, நோயாளி மயக்கத்தில் இருந்தார், வீடியோவில் பம்பைச் சத்தத்துக்கு மேல் என் குரல் ஏறவில்லை. அவர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, எழுத்தர் பேனாவை எடுக்காமல் காத்திருந்தார். அழ வேண்டாம் என்று யாரும் என்னை அதட்டவில்லை.

மறுபடி பேனாவை எடுத்து இதையெல்லாம் சேர்த்து எழுதச் சொன்னேன். ஜெபஸ்டின் தன் வாக்குமூலத்தில் சொன்னதில் இந்த ஒரு விஷயம் பொய். அவருக்குக் கோபம் வரவில்லை. அவர் தானாக இறங்கவில்லை. நிறுத்தலாமா என்று கேட்டார். நிறுத்து என்று நான் அனுப்பினேன். நிறுத்தினால் ஆள் விழுவார் என்று தெரிந்தே அனுப்பினேன். என் கையை என்னால் நிறுத்த முடியாததால் அனுப்பினேன்.

நான் சொன்னதைச் சொன்னபடியே எழுத்தர் எழுதி, எனக்குத் தெரியும்படி நிதானமாக வாசித்துக் காட்டினார். யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை; வேண்டாம் என்று தடுத்தது உண்டு. ஒப்படைக்கும் தாளில் பன்னிரண்டு என்பதை அடித்துவிட்டு முப்பதுக்கு மேல் என்று திருத்த வேண்டும் என்ற வேண்டுகோளையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இதில் எழுதியிருப்பது எல்லாம் நடந்தது, எதையும் கூட்டவில்லை, இந்தத் தரம் எதையும் குறைக்கவுமில்லை.

(ஒப்பம்)
பி. புஷ்பலதா